ஐந்தரை நாழிகை வழி

தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வது இக்காலத்து நாகரிகம் என்று பெரியவர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். மதுரை எவ்வளவு தூரம் என்று கேட்டால் "ஆறரை மணி" என்கிறார்கள். பெங்களூர் என்றால் "பிளேனில் ஒரு மணி" என்கிறார்கள். மைலும் கிலோமீட்டரும் ரயில்வே அட்டவணைக்கும் பெட்ரோல் கணக்குக்குந்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் இதைப் புது நாகரிகம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். நம் பாட்டன்மார் "நாழிகை வழி" என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். வழிநடையில் பழகியவன் ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிஷத்தில், நடந்து கடக்கும் தூரம் அது; ஏறக்குறைய ஒன்றரை மைல் என்று சொல்லலாம். ஆகவே, தூரத்தை நேரத்தால் அளந்து சொல்லும் வழக்கம் நம்முடைய சொத்துத்தான். இடையில் சில காலம் வெள்ளைக்காரன் நட்ட மைல் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறோம்.

நாம் குடியிருப்பது ராஜகீழ்ப்பாக்கம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ஊர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்து மாநகரவாசி என்ற பட்டத்தையும் பெற்றுவிட்டது. இவ்வூருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம்; மற்றொரு பக்கம் தாம்பரம் விமானப் படைத் தளம். மொட்டை மாடியில் வடாம் உலர்த்தும் பெண்மணிகளுக்குக்கூட, சத்தத்தைக் கேட்டே இது பிரயாணிகள் விமானம், இது படை விமானம் என்று சொல்லத் தெரியும். தாம்பரத்தில் 1954 முதல் நடந்து வருவது சாமானியமான பள்ளிக்கூடம் அல்ல. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி அது. வாத்தியார்களே மாணவர்களாகிவிட்டபடியால், பாடம் சற்று இரைச்சலாகத்தான் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கும் ஆகாயத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்செலிஸ் என்பவர், தாமே திட்டமிட்டு உள்ளூரில் கட்டுவித்த ஆகாய விமானத்தை 1910-ம் ஆண்டில் பல்லாவரத்தில்தான் பறக்கவிட்டுப் பார்த்தார். நல்ல சமையலுக்குப் பெயர் போனவர் ஆகாயத்தில் ஏறியதைப் பற்றி ஊர் எவ்வளவு பேசியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய பேரனுக்கு அந்தமானில், போர்ட் பிளேரில், உத்தியோகம் ஆகியிருக்கிறது. அந்த நகரத்துக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் சூட்டியாகிவிட்டது. ஆனால் அம்மையார் இரண்டு பெயரையும் உபயோகிப்பதில்லை. "தீவு" என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துவிடுகிறார்.

"ஏன் தம்பி, தீவு இங்கிருந்து எத்தனை தூரம்?" என்று ஒரு நாள் நம்மைக் கேட்டார்.

"விமானத்தில் இரண்டே கால் மணி நேரம், அம்மா."

"இரண்டே கால் மணியா? நான் கலியாணமாகிப் புக்ககம் வந்தபோது, வண்டி ஆற்றைக் கடக்கவே அவ்வளவு நேரம் ஆயிற்று" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அது கிடக்கட்டும். நடு வழியில் ஏதாவது நேர்ந்தால் இறங்கி நிற்க இடம் உண்டா?" என்று கேட்டார்.

தூரத்தைப் பற்றி நாம் இதுவரை கேட்ட கேள்விகளில் இதுதான் முதல் தரமானது என்று தோன்றுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். பழைய கணக்கில் சுமார் 850 மைல். பூகோளப் படத்தில் பார்த்தால் போர்ட் பிளேர் நம் கடலூருக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே இருக்கிறது. கடலூர்க் கரையில் நின்று கிழக்கு நோக்கிக் கல்லை எறிந்து, அது விழாமலே போய்க்கொண்டிருந்தால், அந்தமானில் யாராவது ஒரு தமிழர் தலையில் விழலாம். (அங்கே தமிழருக்குப் பஞ்சமில்லை.) நமக்கு 1,370 கிலோமீட்டராக இருக்கும் அந்த ஊர், பர்மாவின் ரங்கூனுக்கும் சயாமின் புக்கெட்டுக்கும் சுமார் 700 கிலோமீட்டர்தான். நம் தேசத்து நகரமாயினும், அயல் தேசத்து நகரங்களே அதற்குப் பாதித் தூரத்தில் இருக்கின்றன.

இக்காலத்து ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டால், இத்தூரத்தை ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் கடந்துவிட வேண்டும். அட்டவணையில் இரண்டே கால் மணி என்று ஏன் போட்டிருக்கிறார்கள்? விமானம் கதவை மூடிக்கொண்டு கிளம்பியதிலிருந்து, மறுபடி நின்று கதவைத் திறக்கும் வரையில் உள்ள நேரத்தையே அட்டவணை குறிக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறை வரும் வரையில் காத்திருப்பதும், உயரே ஏறுவதும், இறங்குமுன் வேகத்தைக் குறைத்து வரிசையில் நிற்பதும் இதில் அடங்கும். இந்தச் செலவு பத்து மைலுக்குப் போனாலும் ஆயிரம் மைலுக்குப் போனாலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான், பறப்பதென்றால் இருபது நிமிஷத்தில் பறந்துவிடக்கூடிய பெங்களூருக்கும் அட்டவணையில் ஒரு மணி நேரம் காட்டுகிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இதைப் பற்றி 1958-ல் விரிவாக எழுதி உலகத்துக்கு அறிவித்தவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம். அக்காலத்தில் கிழக்கே போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று. திரும்பி வருகிற விமானத்துக்கு முதுகில் தட்டிக்கொடுக்கும் காற்று. போகிற வழியும் வருகிற வழியும் ஒரே தூரந்தான். நிமிஷக் கணக்கில் மட்டும் வித்தியாசம் விழுகிறது.

ஆனால் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த நிமிஷங்கள் எல்லாம் ஒரு பொருட்டல்ல. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். காம்ப் ரோடு சந்திப்பில் காலை எட்டரை மணிக்கு அகப்பட்டுக்கொண்டவர்கள், பத்துக் கிலோமீட்டர் என்பது பெரிய தூரம் என்பதற்குச் சாட்சி சொல்வார்கள். விமானம் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஆஜராக வேண்டும். பெட்டியைக் கொடுப்பதற்கு ஒரு வரிசை, உடம்பைச் சோதிப்பதற்கு ஒரு வரிசை, ஏறுவதற்கு ஒரு வரிசை. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டே கால் மணி நேரம் ஆறு மணி நேரமாக வளர்ந்துவிடுகிறது. நாழிகைக் கணக்கில் பார்த்தால், விமானத்தில் இருப்பது ஐந்தரை நாழிகைக்குச் சற்று அதிகம். அதே ஐந்தரை நாழிகையை நம் ஊரிலிருந்து கால்நடையாகச் செலவிட்டால் கிண்டியை எட்டிப் பார்க்கலாம்.

கப்பலில் போகிறவர்களும் இருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் 60 மணி நேரம். இரண்டு இரவும் மூன்று பகலும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அப்படிப் போனவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறோம். 1,370 கிலோமீட்டர் என்றால் என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது. விமானத்தில் போனவர்களுக்குத் தெரிந்திருப்பது, ஒரு காப்பியும் ஒரு தூக்கமும்.

நம் தாத்தா காலத்தில் இந்தத் தூரத்துக்கு மைலும் இல்லை, மணியும் இல்லை. அதற்குத் "தீவாந்தரம்" என்று பெயர். 1858 மார்ச்சு மாதத்தில், சிப்பாய்ப் புரட்சியின் சூடு ஆறுமுன்னே, இருநூறு கைதிகளை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். 1896-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகளாக ஏழு சிறகுகளுடன் செல்லுலர் சிறையைக் கட்டி முடித்தார்கள். வங்காளத்து இளைஞர்களும், மஹாராஷ்டிரத்து வீரர்களும், பஞ்சாபியரும், 1921-ல் நம் சென்னை மாகாணத்து மலையாளக் கரையில் கலகம் செய்து பிடிபட்ட மாப்பிள்ளைமாரும் அந்தக் கடலைக் கடந்தார்கள். கடலைக் கடந்தால் ஜாதி போய்விடும் என்று நம்பியிருந்த காலத்தில், அவர்களுக்கு அது தூரம் அல்ல. பிறவி மாறுவது போன்றது. தண்டனை அங்கே அடிக்கிற அடியில் மட்டும் இருக்கவில்லை. இவ்வளவு தண்ணீர் நடுவே கிடக்கிறதே என்ற நினைப்பிலேயே பாதித் தண்டனை இருந்தது. அதே தீவில் 1943 டிசம்பர் 29-ந் தேதி நேதாஜி ஆகாய விமானத்திலிருந்து இறங்கினார். மறுநாள் மூவர்ணக் கொடியை ஏற்றினார். ஜப்பானியரின் பிடி அப்போது தீவின் மீது இருந்ததையும், அதனால் தீவு மக்கள் பட்ட பாட்டையும் மறப்பதற்கில்லை. ஆயினும் விலங்கோடு கப்பலில் போன இடத்துக்கு விமானத்தில் ஒருவர் கொடியோடு போனார் என்பது சரித்திரத்தில் நின்றுவிட்டது.

தூரம் குறைவதும் கூடுவதும் யந்திரத்தின் கையில் மட்டும் இல்லை. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா, 'புஸ் மாத்' என்னும் சிறு விமானத்தில் தபாலை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து கிளம்பி, ஆமதாபாத்தில் எண்ணெய் போட்டுக்கொண்டு, பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து அவருடைய சகா நெவில் வின்ட்சென்ட், பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மணிக்கு நூறு மைல் போவதற்கே மூச்சுத் திணறிய விமானம். இன்று அதைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் போகிறோம். ஆனால் சென்னைக்கும் கராச்சிக்கும் இடையே நேர் விமானம் கிடையாது. இந்தியாவின் எந்த நகரத்திலிருந்தும் கிடையாது. இரு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

சூரியனும் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். போர்ட் பிளேரில் நமக்கு ஏறத்தாழ 50 நிமிஷம் முன்னதாக உதயமாகிவிடுகிறது. தேசம் முழுவதற்கும் 1906 முதல் ஒரே மணி ஏற்பட்டபடியால், கடிகாரத்துக்கு இது தெரியாது. அதற்கு முன்பு சென்னை நக்ஷத்திரசாலையின் மணி வேறு, அந்தமானின் மணி வேறு. அம்முறை இன்றும் இருந்திருந்தால், போகும்போது மூன்று மணிக்கு மேலும், வரும்போது ஒன்றரை மணிக்குக் குறைவாகவும் அட்டவணை காட்டியிருக்கும். அம்மையாரின் பேரன் எழுதியிருந்தானாம்: "இங்கே காலை ஐந்து மணிக்கே வெயில் அடிக்கிறது, பாட்டி. நீ இருந்தால் வடாம் ஏழு மணிக்குள் காய்ந்துவிடும்."

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். நடு வழியில் இறங்கி நிற்க இடம் உண்டா?

இல்லை. சென்னைக் கரையை விட்டால் அந்தமான் வரையில் வங்காள விரிகுடாதான். இதை உத்தேசித்துத்தான் சர்வதேச வழக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் மற்றதன் பலத்தில் 60 நிமிஷத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய எல்லைக்குள் பறக்க வேண்டும். அதைத் தாண்டிப் போகத் தனி அனுமதி பெற வேண்டும். இங்கேயும் பாருங்கள், எல்லையைக் கிலோமீட்டரில் சொல்லவில்லை, நிமிஷத்தில்தான் சொல்கிறார்கள். நடு வழி என்பது இரு கரையிலிருந்தும் 685 கிலோமீட்டர். ஒற்றை எஞ்சினில் போகும் ஜெட் விமானத்துக்கு ஏறத்தாழ அந்த ஒரு மணி நேரம். வானிலை மோசமாகிவிட்டால், போர்ட் பிளேர் வரையில் போய் வட்டமிட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிடும் விமானங்களும் உண்டு. நாலரை மணி நேரம் பிரயாணம் செய்து கிளம்பிய இடத்திலேயே இறங்கும் பாக்கியம் அப்போது பிரயாணிகளுக்குக் கிடைக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறார்கள். முணுமுணுக்க வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

ஏனெனில், 2016 ஜூலை 22-ந் தேதி வெள்ளிக்கிழமையை இந்தப் பக்கத்தில் பலரும் மறக்கவில்லை. அன்று காலை எட்டரை மணிக்கு, நம் தாம்பரம் தளத்திலிருந்து ஏ.என். 32 என்னும் படை விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. வாரா வாரம் போய்வருகிற விமானந்தான். இரண்டு எஞ்சின், சுழலும் விசிறிகள்; ஜெட்டைப் போல வேகம் இல்லாதபடியால் மூன்றே கால் மணி நேரம் ஆகும். 11-45க்கு இறங்க வேண்டும். உள்ளே 29 பேர். விமானப் படையினர் பெரும்பாலோர். தரைப் படை, கடற்படை, கடலோரக் காவற்படையைச் சேர்ந்தவர்களும், விசாகப்பட்டணத்துக் கடற்படைக் கிடங்கில் வேலை செய்யும் சிவிலியன்கள் எட்டுப் பேரும் இருந்தார்கள். 9-12 மணிக்குப் பிறகு அந்த விமானத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. இடது புறமாகத் திரும்பி, 23,000 அடி உயரத்திலிருந்து விரைவாக இறங்கியதை ராடார் கண்டது. அவ்வளவுதான்.

கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக் கணக்கில் தேடின. அவ்வாண்டு செப்டம்பர் மத்தியில் தேடுவதை நிறுத்தினார்கள். இருபத்தொன்பது பேரும் இறந்தவர்களாகக் கருதப்படுவதாகக் குடும்பத்தாருக்குத் தெரிவித்தார்கள். "கருதப்படுவது" என்ற சொல் சர்க்கார் காகிதத்தில் எழுத எளிதாக இருக்கிறது. ஒரு வீட்டில் அதை வைத்துக்கொண்டு திதி கொடுப்பதா, விளக்கேற்றிக் காத்திருப்பதா என்று எந்தக் காகிதத்திலும் போடவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிச் சாலையில் பள்ளிக்கரணைப் பக்கம் போனால், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயர்ப் பலகை தென்படும். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆழ்கடலின் அடியை ஆராய்வது அங்குள்ளவர்களுடைய வேலை. ஆள் இல்லாமல் தானே நீந்திப் போய், ஒலியால் துழாவிப் படம் எடுக்கும் கலம் ஒன்று அவர்களிடம் உண்டு. காணாமற்போன விமானம் கடைசியாகத் தென்பட்ட இடத்தில் அக்கலத்தை இறக்கித் தேடினார்கள். 3,400 மீட்டர் ஆழத்தில், கடல் தரையில், உடைந்த விமானம் ஒன்றின் பாகங்கள் படத்தில் விழுந்தன. 2024 ஜனவரி 12-ந் தேதி ராணுவ இலாகா இதை வெளியிட்டது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லாததால், அதுவாகவே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

அறிக்கையில் அவ்விடம் சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் என்றும், அதாவது ஏறத்தாழ 310 கிலோமீட்டர் என்றும் இருந்தது. கடல் மைல் ஒன்றுக்கு 1,852 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 259 கிலோமீட்டர்தான் வருகிறது. எந்த எண் சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இப்படிப்பட்ட இடத்திலாவது தூரத்தை ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்திருக்கலாம் என்று மட்டும் சொல்கிறோம்.

3,400 மீட்டர் என்பது நம் ஊரிலிருந்து தாம்பரம் ரயில் நிலையத்துக்கு உள்ள தூரத்தைவிடச் சிறிது குறைவு. நிதானமாக நடந்தால் இரண்டு நாழிகை. கிடையாகப் போனால் 1,370 கிலோமீட்டரை இரண்டே கால் மணியில் கடக்கிற நாம், நெடுக்காகக் கீழே உள்ள இந்த மூன்றரைக் கிலோமீட்டரைக் கடந்து பார்க்க ஏழரை வருஷம் ஆயிற்று. விமானம் கிளம்பிய ஓடுபாதைக்கும், அதைக் கண்டுபிடித்த கழகத்தின் வாசலுக்கும் சுமார் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். நடுவே நம் ஊர்.

இவ்வளவையும் அம்மையாரிடம் சொல்ல வேண்டுமா என்று தயங்கினோம். கேட்டவர் அவர், ஆகவே சொன்னோம். அவர் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. முடிவில், "அந்த எட்டுப் பேர் விசாகப்பட்டணம் என்றாயே, அவர்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டார். சொல்லியிருப்பார்கள் என்றோம். பேரனுக்கு டிக்கெட் எந்த நாளுக்கு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையாக இருந்தது. புதன்கிழமைக்கு மாற்ற எவ்வளவு பணம் பிடிப்பார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.